நனைந்த நோட்டும் காயாத நட்பும்

நட்பைப் பற்றிக் கட்டுரை எழுதாத மாணவி எங்கள் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே எழுதி வருகிறோம். முன்னுரையில், மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன் என்று தொடங்குவோம். பொருளுரையில், ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானைக் கூப்பிடுவோம். நேரில் காணாமலே கோப்பெருஞ்சோழனிடம் நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்து உயிர் துறந்தபோது தாமும் அவ்வாறே உயிர் துறந்த பிசிராந்தையாரைக் கூப்பிடுவோம். முடிவுரையில், நாமும் அவ்வண்ணமே வாழ்வோமாக என்று முடிப்போம். பத்துக்கு எட்டு மதிப்பெண் கிடைத்துவிடும். மணி அடித்ததும், தண்ணீர்க் குழாயடியில் முதலில் நிற்பதற்காக ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவோம்.

எங்களிடம் நெல்லிக்கனி இல்லை. ஆள்வதற்கு நாடும் இல்லை. எங்களிடம் இருப்பவை பாதி அவித்த முட்டை, ஓர் ஊக்கு, மை தீரப்போகும் ஒரு பேனா, ஓயாத வாய் ஆகியவைதாம். இவற்றை வைத்துக்கொண்டு நட்புச் செய்ய முடியுமா? முடியும் என்று எங்களுக்குக் கற்பித்தது கட்டுரை நோட்டு அன்று, வெள்ளம்.

நாங்கள் ஐந்து பேர். பள்ளியின் கிழக்கு மதிலோரத்தில் நிற்கும் வேப்பமரத்தடியில் மதிய உணவுக்கு வட்டமாக உட்காருவோம். பெற்றோர் ஆசையாய் வைத்த பெயர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டுமே பயன்படும். மரத்தடியில் எங்களுக்கு வேறு பெயர்கள். ஒருத்தி ‘கணக்கு’, நூற்றுக்கு நூறு வாங்கி எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்பவள். ஒருத்தி ‘வானொலி’, இந்த நிலையத்துக்கு மூடும் நேரம் கிடையாது. ஒருத்தி ‘ஊறுகாய்’, தன் டப்பாவில் ஊறுகாயைத் தவிர எதையும் மிச்சம் வைக்காமல், பிறர் டப்பாவைக் கருணையோடு நோக்குபவள். ஒருத்தி ‘கண்ணாடி’, மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுபவள். ஐந்தாமவள் ‘உப்பு’.

இந்திய நாட்டில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. உப்பின் தந்தை உப்பளத் தொழிலாளி. வெயில் ஏறுமுன் அதிகாலையிலேயே பாத்தியில் இறங்கிவிட வேண்டும் என்பதும், வெள்ளை வெளேரென்ற உப்பில் வெயில் பட்டு அடிக்கும் கூச்சம் கண்ணை வருத்தும் என்பதும், பாதத்தில் வெடிப்பு விழுந்தால் உப்புத் தண்ணீர் அதை ஆறவிடாது என்பதும் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதையும் அவள் அழுகையோடு சொன்னதில்லை. “எங்க வீட்டுக் குழம்புக்கு உப்பே வாங்கவேண்டாம். எங்க அப்பா கை கழுவுன தண்ணி போதும்” என்பாள். நாங்கள் சிரித்துப் புரையேறுவோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அவள் வராத நாளில் எங்கள் வட்டமும் அப்படித்தான் இருக்கும்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அதனை மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை அழைக்கிறது. அன்றுதான் எங்கள் மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்திலும் வானம் பிளந்துகொண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை கடந்தது. கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் சுற்றிலும் வெள்ளத்தோடு சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் நிற்கும்போது, முன்பின் அறியாத அவர்களுக்குச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். இச்செய்தியைக் கேட்டபோது பிசிராந்தையார் ஒரு காலத்தில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர் என்று எங்களுக்குத் தோன்றியது.

நாங்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போயிற்று. மற்ற நேரமாயிருந்தால் குதித்திருப்போம். எங்கள் நால்வர் வீட்டிலும் தண்ணீர் வாசற்படி வரை வந்து, கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டது. முத்தையாபுரம் பக்கம் இருந்த உப்பின் வீட்டில் அது உள்ளே புகுந்து, கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனது.

படகு வந்தது; ஹெலிகாப்டர் வந்தது; பல ஊர்களிலிருந்து லாரி லாரியாக அரிசியும் பாயும் போர்வையும் வந்தன. கொடுத்த கைகளை இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆனால் ஒன்றை நாங்கள் கண்டோம். பெரிய உதவி பெரிய வண்டியில் வருகிறது. பெரிய வண்டி எந்தத் தெருவிலும் நெடுநாள் நிற்பதில்லை. அது தன் ஊருக்குத் திரும்பிய மறுநாளும் பொழுது விடிகிறது. அன்றைக்கும் பாய் ஈரமாக இருக்கிறது. தலைவார எண்ணெய் இல்லை. நாளைக்குப் பள்ளிக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி இருக்கிறது. அங்கேதான் தோழியரின் வேலை தொடங்குகிறது.

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து, புத்தாண்டு பிறந்து, பள்ளி திறந்தது. உப்பு வரவில்லை. நான்கு நாள் பார்த்தோம். 2024 சனவரி 6, மூன்று அரசர்களின் திருநாள் என்று எங்கள் பாட்டிமார் சொல்லும் நாள். சனிக்கிழமையாகவும் இருந்தது. மூன்று அரசர்கள் பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொண்டு போனார்கள். நாங்கள் நால்வரும் இரண்டு பொட்டலம் பிஸ்கட்டும், ஒரு சீப்பு வாழைப்பழமும், நான்கு ஆறுதல் உரைகளும் கொண்டு போனோம். உரைகளைப் பேருந்திலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டோம்.

சுவரில் தண்ணீர் நின்ற கோடு எங்கள் தலைக்கு மேலே இருந்தது. வீட்டினுள் சேற்று வாடை. முற்றத்தில் ஒரு கயிற்றில், உடுப்புகளோடு உடுப்பாக, அவளுடைய நோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. மை கரைந்து தாள்கள் எல்லாம் நீல நிறமாயிருந்தன. ஓர் எழுத்தும் இல்லை. பாடநூல் போனால் அரசு மறுபடி கொடுக்கும். கையால் எழுதிய நோட்டு எந்தக் கிடங்கில் இருக்கிறது?

அவள் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வானொலி தன் உரையைத் தொடங்கினாள்: “கவலைப்படாதே. எல்லாம் நன்மைக்கே. சோதனை வந்தால்தான் பொன் பொலியும்.” கணக்கு, இதைவிடத் துன்பப்பட்டவர்களைக் கணக்கெடுத்துச் சொன்னாள். கண்ணாடி அழுதுவிட்டாள். உப்பு தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா கடுங்காப்பி கொண்டு வந்தார்கள். நாங்கள் ஐவர், தம்ளர் மூன்று. “நீங்க குடிங்க மக்கா, எங்களுக்கு ஆச்சு” என்றார்கள். மிச்சமிருந்த உரைகள் அப்போது எங்கள் தொண்டையில் நின்றுவிட்டன. பள்ளிக்கு வருவாயா என்று மெதுவாகக் கேட்டோம். “நோட்டு இல்லாம வந்து எதைப் பார்க்க? அம்மாகூட உப்புப் பொட்டலம் போடப் போயிரலாம்னு இருக்கேன்” என்றாள்.

என்ன சொல்வதென்று தெரியாமல் எழுந்தோம். வாசலைத் தாண்டும்போது ஊறுகாய் சேற்றில் கால் வழுக்கி, இஸ்திரி போட்ட வெள்ளைப் பாவாடையோடு மல்லாந்து விழுந்தாள். வாழைப்பழம் உருளுவதுபோல் உருண்டாள். பின்னால் ஒரு குரல் கேட்டது. “ஏட்டி, வெள்ளம் வடிஞ்சு இத்தன நாளாச்சு. நீ இப்பதான் நீச்சல் பழகுதியா?”

உப்பு சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தார்கள். சேற்றில் கிடந்த ஊறுகாயும் சிரித்தாள். எங்கள் நான்கு உரைகள் செய்யாததை ஒரு வழுக்கல் செய்துவிட்டது.

திங்கட்கிழமை இதை எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரியிடம் சொன்னோம். சகோதரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: “யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்களே, வந்ததும் என்ன செய்தார்கள்?” நாங்கள் விழித்தோம். “ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது” என்றார்கள். நாங்கள் வானொலியைப் பார்த்தோம். அவள் கூரையைப் பார்த்தாள்.

சகோதரி மேலும் சொன்னார்கள்: “கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரர் ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கூட்டத்தில் வழியில்லை. கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன் இறக்கினார்கள். அந்த நால்வரில் ஒருவராவது ஆறுதல் சொற்பொழிவு செய்ததாக மாற்கு எழுதவில்லை. ஆண்டவர் பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. நீங்களும் நான்கு பேர்தானே? எதைத் தூக்கப் போகிறீர்கள்?”

வள்ளுவர் நட்பு என்னும் 79 ஆம் அதிகாரத்தில், உடை நழுவும்போது கை தானாக ஓடிப் பிடிப்பதை நட்புக்கு உவமையாகச் சொன்னது அன்றுதான் எங்களுக்கு உண்மையில் விளங்கியது. கை பேசுவதில்லை, கேட்பதுமில்லை, ஓடிப் பிடிக்கிறது.

பாடம் ஐந்து, நாங்கள் நால்வர். தமிழ் கண்ணாடிக்கு, கணிதம் கணக்குக்கு, அறிவியல் வானொலிக்கு, சமூக அறிவியல் ஊறுகாய்க்கு. ஆங்கிலத்துக்கு ஆள் இல்லாமையால் ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதினோம். ஆகவே அந்த நோட்டைத் திறப்பவர், நான்கு பேர் சண்டை போட்டுக்கொண்டு எழுதியது என்றே நினைப்பார்கள். சூன் மாதம் முதல் நடந்த பாடங்கள் அத்தனையும் எழுத வேண்டும். மதிய உணவை விழுங்கிவிட்டு மரத்தடியில் இருபது நிமிடம். இரவில் வீட்டில் ஒரு மணி நேரம். விரலில் காய்ப்பு விழுந்தது. இரண்டாம் நாளே ஊறுகாய்க்கு அலுத்துவிட்டது. அலுப்புத் தீர, பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினாள்: “தொழிற்புரட்சி இங்கிலாந்தில் தோன்றியது. என் கையில் இன்னும் தோன்றவில்லை.”

அதைப் படித்ததும் மற்றவர்களுக்கும் கை துறுதுறுத்தது. கணித நோட்டில், வெற்றுக் கணம் என்ற தலைப்பின் பக்கத்தில், “எடுத்துக்காட்டு: மணி 12.45-க்கு ஊறுகாயின் சாப்பாட்டு டப்பா” என்று கணக்கு எழுதினாள். தமிழ் இலக்கணத்தில், “‘உப்பு வந்தாள்’ என்பது ஆகுபெயரா, ஆகாத பெயரா?” என்று கண்ணாடி கேட்டாள். ஆங்கில நோட்டில் செய்வினை, செயப்பாட்டுவினை வந்த இடத்தில், “ஊறுகாய் சோற்றை உண்டாள். சோறு ஊறுகாயால் உண்ணப்பட்டது. நாங்கள் பட்டினி கிடந்தோம்” என்று மூவரும் சேர்ந்து எழுதினோம்.

பொங்கலுக்கு முன்னால் இரண்டு நோட்டுகள் முடிந்தன. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உரை எதுவும் ஆற்றாமல் உடனே பேருந்து ஏறிவிட்டோம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, காலை வழிபாட்டுக்கு வரிசையில் நின்றபோது, ஐந்தாம் இடத்தில் ஆள் நின்றது. சீருடை புதிதாக இருந்தது. அது எப்படி வந்ததென்று நாங்கள் கேட்கவில்லை. அலுவலக அறையில் தலைமைச் சகோதரி கொடுத்த பொட்டலத்தைப் பற்றி அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை.

மரத்தடியில் உப்பு அந்த இரண்டு நோட்டுகளையும் எங்களிடம் நீட்டினாள். எங்கள் ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சிலால் பதில் எழுதியிருந்தாள். ஆகுபெயர்க் கேள்விக்குக் கீழே, “ஆகுபெயர்தான். கேட்ட ஆளுக்குத்தான் பாஸ் ஆகாது” என்றிருந்தது. வெற்றுக் கணத்தின் கீழே, “தவறு. அதில் ஊறுகாய் என்னும் ஓர் உறுப்பு உண்டு” என்று திருத்தியிருந்தாள். கணக்கின் கணக்கைத் திருத்திய ஒரே மாணவி என்ற பெருமை அவளுக்கு உரியது.

இனி எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இக்கட்டுரை நாங்கள் முன்பு எழுதியவற்றைப் போல் ஆகிவிடும்.

பிப்ரவரியில் அறிவியல் நோட்டு முடிந்தது. பாய்மங்கள் என்ற பாடத்தில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் வருகிறது. அவர் குளியல் தொட்டியில் இறங்கியபோது நீர் வழிந்த கதை எல்லாருக்கும் தெரியும். வானொலி ஓரத்தில் எழுதினாள்: “டிசம்பரில் உங்கள் வீட்டில்தான் ஆர்க்கிமிடிஸ் குளித்தாராமே!” நாங்கள் மூவரும் படித்துச் சிரித்தோம். ஊறுகாய் விழுந்த அன்று வெள்ளத்தை வைத்து உப்பே கேலி பேசவில்லையா? அவள் பேசலாம் என்றால் நாங்களும் பேசலாம் என்று எண்ணிக்கொண்டோம்.

உப்பு அதைப் படித்தாள். நோட்டை மூடினாள். அன்று மதியம் அவள் வேறு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் அப்படியே. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஊறுகாய்கூட டப்பாவை மூடிவைத்தாள்.

மூன்றாம் நாள் அவளே வந்தாள். நின்றபடியே சொன்னாள். அன்றிரவு அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். அம்மா பாட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கையில் ஒரு வெள்ளாட்டங்குட்டி இருந்தது. மூன்று மாதக் குட்டி. அவள்தான் பால் புட்டி வைத்து வளர்த்தாள். தெரு முனையில் கழுத்தளவு தண்ணீரில் அது அவள் கையை விட்டு நழுவிப் போயிற்று. இவ்வளவுதான் சொன்னாள். இரண்டு மாதமாக எங்களுடன் சிரித்தவள், இதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

வாழ்நாளில் முதன்முறையாக வானொலிக்குப் பேச்சு வரவில்லை. நோட்டைப் பிடுங்கி அந்தத் தாளைக் கிழிக்கப் போனாள். உப்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “கிழிக்காத ஏட்டி. பின்பக்கம் விதி இருக்கு. பரீட்சைக்கு வரும்” என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள். நாங்கள் மூவரும் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளில் செய்ததை நாங்கள் அன்று ஒரு மணி நேரம் செய்தோம்.

அன்று எங்கள் வட்டத்தில் ஒரு சட்டம் பிறந்தது. ஒருத்தியின் துன்பத்தைக் குறித்து முதலில் சிரிக்கும் உரிமை அவளுக்கே உண்டு. அவள் சிரித்த இடத்தில் மட்டுமே, அவள் சிரித்த அளவுக்கு மட்டுமே மற்றவர்கள் சிரிக்கலாம். தன் முட்டாள்தனத்தை வைத்துச் சிரிக்க யாருக்கும் தடை இல்லை. அச்சரக்கு எங்களிடம் குறைவின்றிக் கிடைக்கிறது.

மார்ச் மாதம், குழாயில் தண்ணீர் நூல்போல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், வரிசையில் நின்ற உப்பு உரக்கச் சொன்னாள்: “தண்ணி வேணும்னா டிசம்பர்லயே சொல்லியிருக்கணும். எங்க வீட்ல நெறைய இருந்துச்சு.” நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் கண்ணைச் சிமிட்டினாள். பிறகுதான் சிரித்தோம். ஆறிவிட்டது என்று அதற்குப் பொருளன்று. ஆறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உதவி செய்தவர்கள் நாங்கள், உதவி பெற்றவள் அவள் என்று இதுவரை படித்தவர்கள் நினைக்கலாம். நாங்களும் சில காலம் அப்படித்தான் உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அப்பெருமைக்கு முற்றுப்புள்ளி வைத்தது பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு.

2024 செப்டம்பரில் அத்தேர்வு நடந்தபோது, கணக்கின் ஆச்சி இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளை மடியில் வைத்து வளர்த்த ஆச்சி. விடைத்தாள் கொடுத்த அன்று, நூற்றைத் தவிர வேறு எண் அறியாத அவளுக்குக் கணிதத்தில் 61 வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் நின்று அழுதாள். நாங்கள் மூவரும் ஓடினோம். வானொலி வாயைத் திறப்பதற்குள் உப்பு உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். கணக்கின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். இடைவேளை முழுவதும் ஒன்றும் பேசவில்லை. மணி அடிக்கப்போகும் நேரத்தில் அந்த விடைத்தாளை எடுத்துப் பார்த்தாள்.

“61. இதத் திருப்பிப் போட்டா 16. போன சனவரில நான் வாங்குன மார்க். இந்தா பாரு, ஆச்சிக்காக நீ எவ்ளோ வேணும்னாலும் அழு. ஆனா என் மார்க்கு பக்கத்துல மட்டும் வராத. அது என் சொத்து.”

கணக்கு அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் ஆச்சியைப் பற்றி எங்களிடம் பேசத் தொடங்கினாள். மறுநாள் முதல் ஒரு வாரம், கணக்கின் டப்பாவில் தினமும் யாரோ ஓர் அவித்த முட்டையை வைத்துவிட்டுப் போனார்கள். ஊறுகாய் அதைத் தொடவில்லை என்பதை அற்புதங்களின் பட்டியலில் சேர்க்கலாம்.

அண்மையில் ஒரு நாள் உப்பின் வீட்டுக்குப் போயிருந்தோம். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தண்ணீர்க் கோடு தெரியவில்லை. தம்ளர் ஐந்து இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள் எங்கே என்று கேட்டோம். பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். எங்கள் முகம் வாடியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்தாள். நாங்கள் ஓரத்தில் எழுதிய வரிகளை மட்டும் கத்தரியால் வெட்டி, வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். ஆர்க்கிமிடிசும் அதில் இருந்தார். “பாடம் எல்லாம் நல்ல எடை வந்துச்சு, காசு குடுத்தான். உங்க ஜோக்கு எல்லாம் எடையில்லாத சரக்கு. அதான் வீட்டுலயே வச்சுக்கிட்டேன்” என்றாள்.

1542 இல் எங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியாரைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் சகோதரி ஒருமுறை சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. நண்பர்களை ஐரோப்பாவில் விட்டுவிட்டு வந்த அவருக்கு ஒரு கடிதம் வந்து சேர மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். அக்கடிதங்களிலிருந்து நண்பர்கள் தம் கையால் எழுதிய பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து, தம்முடன் எப்போதும் வைத்திருந்தார் அவர். 1546 இல் அம்போயினாத் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மாபெரும் புனிதர், கடல் பல கடந்தவர், அவருக்கும் ஒரு துண்டுத்தாளில் நண்பனின் கையெழுத்து வேண்டியிருந்தது. அப்படியானால் எங்கள் உப்புக்கு வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

அன்புத் தங்கையரே, பள்ளி இறுதித் தேர்வுக்குப் பின் எங்கள் ஐவருக்கும் ஐந்து வழி. வேப்பமரத்தடி உங்களுக்கு வரும். அதற்காக ஒரு சிறு விண்ணப்பம். நட்புக்காக உயிரைக் கொடுக்கும் வாய்ப்பு உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் பாதி முட்டையைக் கொடுக்கும் வாய்ப்பு நாள்தோறும் மதியம் கிடைக்கும். ஓர் ஊக்கு, ஒரு பக்கம் நோட்டு, பேசாமல் உட்கார ஒரு கால்மணி, நேரமறிந்து ஒரு நகைச்சுவை. இவை சிறியவை என்று தள்ளாதீர்கள். நீங்கள் உலகிற்கு உப்பாயிருக்கிறீர்கள் என்று ஆண்டவர் சொன்னபோது, கைப்பிடி அளவு போதும் பொருளைத்தான் எடுத்துக்காட்டினார். குழம்பில் உப்புக் கண்ணுக்குத் தெரியாது. இல்லாத அன்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் எழுதலாம். மணி அடித்துவிட்டது. நாங்கள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஊறுகாய் எங்கள் டப்பாவைத் திறந்துவிட்டாள். வெற்றுக் கணம் ஆகுமுன் போக வேண்டும்.